வெள்ளைப் பலகை

கம்பாலாவில், கம்வோக்யா சந்தையை ஒட்டி,
இரும்புக்கடை மாடியில்
எங்கள் கம்பெனி இருந்தது.
பதினோரு பேர், ஒன்பது நாற்காலி.
பிந்தி வருகிறவர்களுக்கு ஜன்னல் விளிம்பு.

தக்காளிக்கும் கடைக்கும் நடுவே நிற்கிற
தரகனை ஒழிப்பது எங்கள் தொழில்.
அப்படித்தான் துமுசீமே சொல்வான்,
பணம் வைத்திருக்கும் எவரிடமும்,
ஒவ்வொரு முறையும் முதல் முறை போல.
தரகர்களின் எண்கள்
என் மேசை இழுப்பறையில் இருந்தன.
மசாக்காவிலிருந்து லாரி வராத நாளில்
அவர்களைத்தான் கூப்பிடுவோம்.
இது ஸ்லைடில் இல்லை.

ஒரு மணிக்கு நாகலேமா வருவாள்.
வாழையிலை பொதிந்து அவித்த மட்டோக்கே,
நிலக்கடலைக் குழம்பு,
வெள்ளிக்கிழமை மட்டும் மீன்.
மாடிப்படி இருபத்துமூன்று.
எண்ணிச் சொன்னவள் அவள்தான்,
நாங்கள் வேறு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் மாதம் ரொக்கம்.
அப்புறம் வாரக் கணக்கு.
அப்புறம் ஒரு நீல நோட்டு:
ஆளுக்கு ஒரு பக்கம்,
தட்டுக்கு ஒரு கோடு,
நாலு கோட்டின் மேல் ஐந்தாவது குறுக்கே.

அந்த வருஷம் எங்களிடம் சொற்கள் பெருகின.
பணம் கரைவதை எரிதல் என்றோம்.
கரைந்து முடிக்க மிச்சமுள்ள மாதங்கள் ஓடுபாதை.
சம்பளம் வராத மாதத்துக்கு
ஈடுபாடு என்று பெயர்.
நாகலேமாவின் அடுப்பிலும் எரிந்தது.
மூட்டை விலை இரண்டு மடங்கான பிறகும்
அவள் அதைக் கரி என்றே சொன்னாள்.

ரோட்டர்டாமிலிருந்து ஒருவர் வந்தார்.
வளைகோடு திரையில் ஏறத் தொடங்கியதும்
கரண்ட் போனது.
துமுசீமே அசரவில்லை.
மார்க்கரை எடுத்து, கைபேசி வெளிச்சத்தில்,
வெள்ளைப் பலகையில் மீதியை வரைந்தான்.
கீழே இடது மூலையில் நாங்கள்,
மேலே வலது மூலையில் பத்து லட்சம் கடைகள்.
வந்தவர் கைதட்டினார்.
இரண்டு தட்டு சாப்பிட்டார்.
யார் சமையல் என்று கேட்டார்.
"எங்கள் குழுவில் ஒருவர்" என்றான் துமுசீமே.
நீல நோட்டில் அன்று புதிதாக ஒரு பக்கம்:
முசுங்கு, 2.

பிறகு ஒரு மின்னஞ்சல்:
அருமை, அருமை,
இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் பேசலாம்.

பூட்டுப் போட வீட்டுக்காரர் வந்த காலையில்
நாகலேமாவும் வந்தாள், நோட்டோடு.
"கம்பெனியில் அரை சதவீதம் பங்கு எழுதித் தருகிறேன்"
என்றான், உண்மையாகவே கண் கலங்கி.
"எந்தச் சந்தையில் எடுப்பார்கள் அதை?"
என்று கேட்டாள். கிண்டலில்லை,
கீழேதானே சந்தை.
அவன் பதில் யோசிப்பதற்குள்
பலகையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள்.
இருபத்துமூன்று படியும்
ஒரு முனையை நான்தான் பிடித்தேன்.

இப்போது அது அவள் கடை வாசலில் தொங்குகிறது.
அன்று இருட்டில் அவன் எடுத்தது
அழியாத மார்க்கர்.
சாம்பல் தேய்த்துப் பார்த்தாளாம், மண்ணெண்ணெயும்.
வளைகோடு போகவில்லை.
அதன் மேலேயே விலை எழுதுகிறாள்:
அடியில் அவரை,
நடுவில் கோழி,
உச்சியில், பத்து லட்சம் கடைகள் இருந்த இடத்தில்,
மீன்.

துமுசீமே மேடைகளில் பேசுகிறான்.
தோல்விதான் என் பல்கலைக்கழகம் என்கிறான்.
இருக்கலாம்.
அதன் கட்டண ரசீது பன்னிரண்டு பக்கம்,
நீல அட்டை, ஓரத்தில் எண்ணெய்.

எனக்கு ஒரு வங்கியில் தொலைபேசி வேலை.
வெள்ளிக்கிழமை போவேன்.
இரண்டு தட்டுக்குப் பணம் வைப்பேன்,
இன்றைக்கு ஒன்று, அன்றைக்கு ஒன்று.
என் பக்கத்தில் ஒரு கோடு அடிபடும்.
இன்னும் நாற்பத்தியொன்று.

போன வாரம் கேட்டாள்:
"மசாக்கா பக்கம்
தக்காளிக்கு நியாயமான ஆள் தெரியுமா?"

எண் மனப்பாடமாக இருந்தது.
சொன்னேன்.
நோட்டில் புதுப் பக்கம் புரட்டி,
பேனா மூடியைப் பல்லால் கழற்றியபடி,
"உன் கமிஷன் எவ்வளவு?" என்றாள்.