நெடுங்கேணி பதில் சொல்லவில்லை

முந்நூற்று நாற்பது லீற்றர்.
ஒட்டுசுட்டானில் விடியத் தொட்டியின் மூடியைத் திறந்தவர் அமிர்தசீலன்.
அவருக்கு மணம் முதலில் வந்தது,
எனக்கு அவருடைய போன்.
"தங்கச்சி, உம்முடைய மெசின் இரவு முழுக்க நித்திரையோ?"

நித்திரை இல்லை.
கிளிநொச்சியில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில்,
பேர்ளில் நான் எழுதிய நிரல்
பதினொன்று பத்திலிருந்து
ஒரேயொரு பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றது.

பத்தொன்பது பால் குளிரூட்டிகள்.
மாங்குளம், முறிகண்டி, விசுவமடு, முள்ளியவளை, இன்னும்.
கறன்ட் போய் வந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் மாறும்,
பெயர் மாறாது.
இடம்பெயர்ந்த சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.
பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்பதுதான் டிஎன்எஸ்.
கேட்பதற்கு ஒரு வரி போதும்.
அந்த வரிக்குள்ளே என்ன இருக்கிறதென்று
நான் திறந்து பார்க்கவில்லை:
ஐந்து விநாடி காத்திரு, இன்னொருதரம் கேள்,
அடுத்த சேர்வரிடம் போ, ஐந்து விநாடி, இன்னொருதரம்.
இருபது விநாடி, வேறொன்றும் பாராமல்.
அதுவும் போதாதென்று
"பதில் வரும்வரை விடாதே" என
மேலால் நானே ஒரு வளையம் சுற்றியிருந்தேன்.
பிடிவாதம் நல்ல குணம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை.

நெடுங்கேணி பதில் சொல்லவில்லை.
அதற்குப் பின்னால், வரிசையில்,
ஒட்டுசுட்டானின் வெப்பமானி
ஏழு, ஒன்பது, பதினான்கு என்று சொல்லிக்கொண்டேயிருந்தது.
சொன்னதெல்லாம் சொக்கெட்டில் வந்து குவிந்து கிடந்தது.
எடுத்துப் பார்க்கிற ஒரே ஆள்
நெடுங்கேணி வாசலில்.

உவமை தேடினேன்.
பஸ்நிலையத்துத் தேத்தண்ணிக்கடை வந்தது,
ஒருவருடைய கோப்பைக்காகக் கேத்தலையே பார்த்து நிற்காத
அந்த ஒற்றைப் பொடியன் வந்தான்.
சரிதான்.
ஆனால் அவன் கடையில் புளித்தது அமிர்தசீலனின் பால் இல்லை.
உவமையை விட்டேன்.

அன்று பின்னேரம் அந்த வரியைப் பிடுங்கினேன்.
இப்போது கேள்வியை ஒரு பக்கெற்றாய் அனுப்புகிறேன்,
நெற்றியில் ஓர் இலக்கம்: 41207.
சொக்கெட்டுக்கு ஒரு காவல்,
ஏதும் வந்தால் என்னைக் கூப்பிடு.
பக்கத்தில் ஒரு ரைமர்,
மூன்று விநாடியில் வராவிட்டாலும் கூப்பிடு.
பிறகு போய்விடுகிறேன்.
விசுவமடுவைப் பிந்திக் கேட்டாலும் அதன் பதில் முந்தி வரும், வரட்டும்.
இலக்கம் பார்த்துச் சேர்க்கலாம்.

கணக்குப் பகுதிப் பவளராணி அக்கா
தேத்தண்ணியோடு வந்து தோளுக்கு மேலால் பார்த்தா.
"இதென்ன, இரண்டு இடத்திலும் 'இல்லை' எண்டு?"
"ஒண்டு, அப்பிடியொரு பெயர் இல்லையெண்டு சேர்வர் சொல்லுறது.
மற்றது, ஒரு பதிலும் வராதது."
"வராததை ஏன் இல்லையெண்டு எழுதினனீர்?"

தம்பியின் பெயரில் வந்த படிவம்
பன்னிரண்டு வருசமாக அவவின் லாச்சியில்,
கையெழுத்து இல்லாமல்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டாவது 'இல்லை'யை அழித்து
'தெரியாது' என்று அடித்தேன்.
அவ கோப்பையை வைத்துவிட்டுப் போனா.
சீனி கூடிப்போச்சு.

இரவு இரண்டு மணி, மழை.
நெடுங்கேணியின் பதில் வந்தது, நாலாவது விநாடியில்.
கேள்வி மூன்றிலேயே மூடியாயிற்று,
நிரல் அதை எறிந்தது.
விதி நான் எழுதியதுதான், என்றாலும்
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.
அடுத்த சுற்றில் திரும்பக் கேட்கும்,
யாரையும் மறிக்காமல்.
ஒட்டுசுட்டான் நாலு பாகை. மாங்குளம் நாலு. முறிகண்டி மூன்றரை.

பாலுக்குரிய காசை இரண்டு தவணையில் கொடுக்கிறேன்.
முதலாவதை அமிர்தசீலன் எண்ணாமல் பொக்கற்றில் வைத்தார்.
மோட்டச்சைக்கிளை உதைத்து, திரும்பி,
"இப்ப நீர் நித்திரை கொள்ளுறீரோ?" என்றார்.