முப்பது பேர்

விடியுமுன் அட்டனில் கோச்சி ஏறி
பேராதனையில் இறங்கும்போது
சப்பாத்தில் இன்னும் நோர்வூட் சேறு.
ஆய்வு முறையியல், மூன்றாவது சனிக்கிழமை.

மழை என்று தலைப்புக் கொடுத்திருந்தேன்:
தோட்டத்துரைமாரின் கடிதங்களில் மழை.
கலாநிதி ரணவீர கண்ணாடியைக் கழற்றினார்.
எந்த மழை? எந்த ஆண்டு? யாருடைய பக்கம்?
இத்தனை அகலத்தில் பெய்தால்
நனைவது நீங்கள்தான், ஆய்வு நனையாது.

குறுக்கினேன். தென்மேற்குப் பருவம்.
பிறகு ஒரே துரை.
பிறகு அவருடைய ஒரே ஒரு ஜூன்.

அடுத்தது மேற்கோள் விதி.
குடும்பப்பெயர், காற்புள்ளி, அதன்பின் சொந்தப்பெயர்.
வீ. யோகமலரைத் திருப்பிப் போட்டதும்
பலகையில் வீரபத்திரன் முன்னால் வந்து நின்றார்,
பெரட்டில் பேர் கூப்பிட்டது போல.
காற்புள்ளிக்குப் பின்னால் நான்.
பர்ஸானா சிரித்தாள்.
அடுத்த வரியில் அவளுடைய வாப்பா.

பிறகு திரையில் மென்பொருள்.
ஒப்புமை பதினெட்டு விழுக்காட்டைத் தாண்டினால்
கட்டுரை திரும்பும், பேர் பதியப்படாது.
எனக்கு மட்டும் சிரிப்பு.
எங்கள் மலையில் பதினெட்டுக் கிலோ
குறைந்தால் அரைப்பேர்.
இங்கே கூடினால் பேரே இல்லை.
ஏன் சிரிக்கிறாய் என்றார்கள். சொல்லத் தொடங்கி
பாதி ஆங்கிலத்தில் நிறுத்திக்கொண்டேன்:
அரைநாள் கூலி என்று சொன்னால்
அதில் பேர் எங்கே?

மத்தியானம், நூலகத்தில், அந்த ஜூன்.
நாலு பக்கம் மழை.
பறந்த தகரம், பூஞ்சணம் பிடித்த சுருட்டு,
காய்ச்சலில் கிடந்த குதிரை (அதற்குப் பேர் இருந்தது, டியூக்).
கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி:
பாலம் போய்விட்டது, அதோடு முப்பது கைகள்.

கை என்றால் வேலையாள். துரைமார் வழக்கு அது.
குறிப்பட்டையில் நான் தமிழில்தான் எழுதுவேன்,
கைக்கு அதுதான் வேகம்.
எழுதி முடித்துப் பார்க்கிறேன்:
பாலம் போனது. முப்பது பேர்.

என்னைக் கேட்காமலே
பேனா மாற்றியிருந்தது.
எங்கள் வாயில் ஆளை எண்ணினாலே
பேர் வந்துவிடுகிறது,
ஒரு பேரும் தெரியாவிட்டாலும்.

கலாநிதி ரணவீரவிடம் அட்டையை நீட்டினேன்.
தமிழ் வாசிக்கத் தெரியாதவர்
நெடுநேரம் அதையே பார்த்தார்.
வாசித்துக் காட்டினேன், விளக்கினேன்.
மூலத்தில் கை வைக்கக்கூடாது என்றார்,
அவருடைய மொழியில் அந்தக் கை இல்லாமல்.
பிறகு:
அடிக்குறிப்பு உங்களுடையது.
அங்கே எவ்வளவு இடம் வேண்டும்?

திரும்பும் கோச்சியில் இருக்கை கிடைத்தது
நாவலப்பிட்டிக்குப் பிறகுதான்.
மடியில் கொப்பி. ஜன்னலில் மழை,
எந்த மழை என்று கேட்க யாருமில்லை.
ஒன்று என்று எண் போட்டேன்.
குடும்பப்பெயருக்கு இடம் விட்டுக் காற்புள்ளி.
சொந்தப்பெயருக்கு இடம்.
இரண்டு. இடம், காற்புள்ளி, இடம்.
வட்டவளையில் வண்டி குலுங்கி
ஒரு காற்புள்ளி வால் நீண்டு கீழ்வரியில் இறங்கியது.
அழிக்கவில்லை.

பதினொன்றாவதில் சுரங்கம் வந்தது.