இயல்பு வரம்புக்குள்

படிவத்தில் பத்தே கட்டம்.
சிவனணைந்தான் அதில் அடங்கவில்லை.
சிவா என்று வெட்டி
பார்கோடு ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

சார்ஜா, சனையா.
கழித்துப் போட்ட குழல்விளக்குகளை
டிரம்முக்குள் உடைக்கிற வேலை.
"வெள்ளையா மாவு மாதிரி பறக்கும்க்கா,
மத்தபடி வாசனையே கிடையாது."
வாசனை இல்லாததுதான்
பாதரசத்தின் சாமர்த்தியம்.

ராத்திரி இரண்டே முக்கால்.
எந்திரம் அவன் ரத்தத்தைப் பிரித்து
உலோகம் உலோகமாகப் பேர் கூப்பிடுகிறது.
பாதரசம், சிவப்பு எழுத்தில்.
செலினியம், கறுப்பில்: இயல்பு வரம்புக்குள்.

எண் சரிதான்.
எண்ணுக்கு என்ன தெரியும்?
செலினியத்தைக் கண்டால் பாதரசம் விடாது,
கெட்டியாகப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்
கிட்னியில், மூளையில்.
தலை எண்ணினால் ஆள் உண்டு;
வேலைக்குக் கூப்பிட்டால் வராது.
எவ்வளவு வேலைக்கு வருகிறது என்று பார்க்க
வேறொரு சோதனை இருக்கிறது.
அதற்குக் கம்பெனி பணம் கட்டவில்லை.

மறுவாரம் அறிக்கை வாங்க வந்தான்.
எப்படி விளக்குவதென்று
நான் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
"பாஸ்போர்ட் எங்க?"
"முதலாளி அலமாரியில."
"உன் பேர்லதானே?"
"என் பேர்லதான்."
"நெனச்சா எடுத்துக்கிட்டு ஊருக்குப் போகலாமா?"
சிரித்தான்.
அப்புறம் சிரிப்பு நின்றது.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.
காலையில் குபூஸ், சுலைமானி.
மத்தியானம் குபூஸ், பருப்பு.
ராத்திரி, காலையில் மிஞ்சிய குபூஸ்.
வெள்ளிக்கிழமை ஆறு பேர் காசு போட்டு
நெய்மீன் ஒரு துண்டம்.
"பெரிய மீன் வேண்டாம், அதுலயும் பாதரசம்.
மத்தி வாங்கு. முட்டை சேர்த்துக்கோ."
சொல்லும்போதே வெட்கமாயிருந்தது,
எரிகிற கிடங்குக்கு
டம்ளரில் தண்ணீர் நீட்டுகிற மாதிரி.
முதலில் அந்த டிரம்மை விட்டு வா
என்று சொல்லத்தான் வாய் வந்தது.
அலமாரி ஞாபகம் வந்தது.

பணம் அனுப்பப் போன இடத்தில்
கையெழுத்து ஒத்துவரவில்லையென்று
மூன்று தரம் திருப்பினார்களாம்.
பத்தாவது வரை படித்தவன்.
இப்போது பெருவிரலை மையில் தொடுகிறான்.
"நல்லவேளைக்கா, ரேகை நடுங்காது."

அறிக்கையின் அடியில்
யாரும் கேட்காத ஒரு வரி எழுதினேன்:
'மொத்த அளவை மட்டும் நம்ப வேண்டாம்.'
மேலதிகாரி அடித்துவிடுவார்; எழுதினேன்.

என் மேசைக்கு மேலே குழல்விளக்கு
ஒரு வாரமாகக் கண் சிமிட்டுகிறது.
மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருந்தேன்.
நேற்று ஆள் வந்து ஏணி போட்டபோது
இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.