இரண்டரை மணி வெளிச்சம்

பஹாஹீல். நான்காம் மாடி. மூன்று கட்டில்.
ஒன்றரை அடித் தொட்டியில்
என் பங்குக்கு ஒரு குளம்.

பாசி முதலில் கண்ணாடியில் புள்ளி வைத்தது.
பிறகு அனுபியாஸ் இலையோரங்களில்
கறுப்பாய் மீசை விட்டது.

உரத்தைப் பாதியாக்கினேன்.
வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினேன்,
கடல்நீரைக் காய்ச்சி உப்பு நீக்கிய தண்ணீர்,
ஆகஸ்டில் குழாயிலேயே கொதிப்பது,
ஓரிரவு ஏசிக்கடியில் வாளியோடு ஆறவேண்டும்.
விளக்குக்கு டைமரில் ஆறே மணி நேரம்.
ஐந்து இறால் விட்டேன். மேய்ந்தன. போதவில்லை.

காலாவதியான பத்தாக்கா அட்டையால் சுரண்டினேன்.
வழித்தெடுக்கையில்
பத்து வருடத்துக்கு முந்தைய என் முகத்திலும்
பச்சை மீசை.

எங்கோ கணக்கு உதைத்தது.

நேற்று இரவு இரண்டரைக்கு விழித்தேன்.
ரீஃபைனரி ஷிப்ட் முடிந்து வந்த இருதயராஜ்
தொட்டியின் முன் தரையில் உட்கார்ந்து
குபூஸைப் பருப்பில் தொட்டுக்கொண்டிருந்தார்.
டியூப்லைட் போட்டால் நாங்கள் விழிப்போமென்று
என் மீன்விளக்கு,
எத்தனை மாதமாகவோ.
மெல்லும் ஓசைகூட இல்லை.
ஓர் இறால் கண்ணாடியை ஒட்டி வந்து
அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.
முடித்ததும் தட்டை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு
டைமரை இருந்தபடியே மாட்டினார்.

நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்று சூக்கில் முக்கால் தினாருக்கு
ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.
பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சீட்டு எதுவும் எழுதவில்லை.

பின்பக்கக் கண்ணாடியை மட்டும் இனிச் சுரண்டுவதில்லை.
இறாலுக்கும் இராச்சாப்பாடு வேண்டுமே.