போகும், போகாது

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
மூன்றாவது ஷெட்டுக்குக் கூரை போட்டாயிற்று.
ஆறு புது மெஷின்கள் மரப்பெட்டியில் வந்து
மழைக்கு முன்னால் உள்ளே போயின.
ஒன்று மட்டும் வாசலில் சிக்கி
சுவரை ஒரு சாண் இடித்த பிறகு போனது.

வரைபடத்தில் பொருளுக்குப் பெயர் இல்லை.
நாலாயிரத்துப் பதினேழு பார் இரண்டு, அவ்வளவுதான்.
சுண்டுவிரல் நீளம், மேலே ஒரு துளை,
ஒரு பக்கம் பிறைபோல் வளைவு.
தையல் மெஷின் பாகம் என்றான் மக்பூல்.
சைக்கிள் பிரேக் என்றாள் கேன்டீன் ரத்னம்மா.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் வேலை துளையைப் பார்ப்பது.

என் கையில் ஒரு கேஜ், அதற்கு இரண்டு முனை.
பச்சை முனை உள்ளே போக வேண்டும்.
சிவப்பு முனை போகக் கூடாது.
பதினோரு வருடமாக
உலகம் எனக்கு இவ்வளவு எளிது.

பிப்ரவரியில் பெத்ரிச் வந்தார்.
பனி ஊர்க்காரர்,
எங்கள் வெயிலைப் புகழ்ந்துகொண்டே வியர்த்தார்.
புரொஜெக்டரில் ஓர் அம்பு
அவர் ஊரில் கிளம்பி எங்கள் ஷெட்டில் இறங்கி
கடல் தாண்டிப் போய் அமெரிக்காவில் குத்தி நின்றது.
அங்கே தேவை குறைவதே இல்லை என்றார்.
பயம் வந்தால் வாங்குகிறார்கள்,
தடை வரும் என்றால் வாங்குகிறார்கள்,
கிறிஸ்துமஸுக்கும் வாங்குகிறார்கள்.
முதலாளி குருபாதப்பா கை தட்டினார்.
நாங்களும் தட்டினோம்.
கடைசிப் படத்தில்தான்
முழுசாக வந்தது அது,
கறுப்பாக, கைக்கடக்கமாக,
வயிற்றுக்குக் கீழே எங்கள் பிறை.

மக்பூல் தன் ஆள்காட்டி விரலை
ஒரு கணம் பார்த்தான்.
பிறகு பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பெட்டி மேல் ஒட்டும் சீட்டில்
விளையாட்டுப் பொருள், உதிரிபாகம்.
ராத்திரி மூன்று மணிக்கு
ஒடிசாவிலிருந்து வந்த பையன் கேட்டான்,
இமெல்டா அக்கா, ஒரு பீஸ் எவ்வளவு?
பதினெட்டு ரூபாய் என்றேன்.
டீயைவிட அதிகம் என்றான்.
அங்கே அப்போது மத்தியானம்.

எனக்கு இப்போது புதிதாக ஒரு சோதனை.
நூற்றுக்கு ஐந்து பீஸை ஜிக்கில் பூட்டி
தராசுக் கொக்கியால் மெல்ல இழுக்க வேண்டும்.
டக்.
இரண்டு கிலோ அறுநூறு.
டக்.
இரண்டு கிலோ ஐந்நூற்று எண்பது.
குறைந்தாலும் தள்ளு, கூடினாலும் தள்ளு.
வாணி விலாஸ் ஆஸ்பத்திரியில்
துணியோடு என் மகளைத் தராசில் வைத்து
நர்ஸ் கத்திச் சொன்ன எண்
இதற்குப் பக்கத்து வீட்டு எண்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் என்ன செய்வார்கள்,
ரிஜெக்ட் டப்பாவில் போடுவார்களா?

ஓவர்டைம் காசு நல்ல காசு.
அதே மகளுக்கு இரண்டு டேர்ம் ஃபீஸ்
ஒரே தடவையில் கட்டினேன்.
பள்ளிக்கூட கேட்டில் ஒரு வாட்ச்மேன்,
விசிலைத் தவிர அவரிடம் ஒன்றுமில்லை.
மழை பிடித்தால் அதையும் ஊத மாட்டார்.
அவரைத் தாண்டித்தான் தினமும் ஓடுகிறாள்,
திரும்பிப் பார்க்காமல்.

ஆயுத பூஜைக்கு
மெஷின் நெற்றியெல்லாம் சந்தனம்.
ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தடியில் எலுமிச்சை.
பூசணிக்காயை எப்போதும்போல் மக்பூல்தான் உடைத்தான்.
இத்தனை வருடம்
அந்த முதல் வார்த்தை என் காதில் விழுந்ததில்லை.
பூசாரி யாரையும் கேட்காமல்
என் கேஜுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் பீஸ்.
எண்ணெயும் குங்குமமும் கட்டிப்போய்
பச்சை முனை துளை வாயிலேயே நின்றது.
போகவில்லை.
விளக்குக்கு நேரே பிடித்தபடி
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்,
சூப்பர்வைசர் பார்க்கும் வரைக்கும்.

வேஸ்ட் துணியால் துடைத்தேன்.
போனது.
அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் போயின.