ஆப்பு

சாவியைத் திருப்பினேன்.
டக்.
இன்னொரு முறை. டக் டக் டக்.
மரங்கொத்தி ஒன்று பானெட்டுக்குள் புகுந்துவிட்டதுபோல.
விடியற்காலை நாலு மணி, பிரகான்சாவில் மைனஸ் ஆறு.
பின்சீட்டை மடக்கிப்போட்ட இடத்தில்
நூற்றிருபது ரொட்டிகள் ஆவி விட்டுக்கொண்டிருக்க
கண்ணாடியெல்லாம் வியர்த்தது.
சூடு ரொட்டிக்கு மட்டும்தான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது.
காற்றை நசுக்கி நசுக்கியே தீயைப் பிடுங்க வேண்டும்.
மஞ்சள் விளக்கு அணையும்வரை
மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும்.
நாலு குளிர்காலம் காத்திருந்தேன்.
குளிரைத் திட்டினேன். பங்க்கில் ஊற்றிய டீசலைத் திட்டினேன்.
என் கையையும்கூட,
சாவி திருப்பத் தெரியாத கை என்று.
அண்ணன் அதேரித்து விற்ற வண்டி.
"உனக்கென்பதால் இந்த விலை" என்றான்.

பேக்கரி வேனிலிருந்து வயர் போட்டு உயிர் கொடுத்து,
எங்கும் அணைக்காமல்
முப்பத்தெட்டு வாசல்களிலும் ரொட்டி போட்டுவிட்டு
பத்து மணிக்கு பெல்மீருவின் கடை.

"எத்தனை ஆம்பியர்?"
பழசில் இருப்பதுதான். அறுபது.
"பெட்ரோல் வண்டியா?"
டீசல்.
அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நேர்முனை வலமா, இடமா?"
கட்டிக்கொண்டவர் இடக்கைக்காரர் என்பதையே
கல்யாணத்துக்கு அப்புறம்தான் கவனித்தவள் நான்.
"சிக்னலில் தானாய் அணைகிற வண்டியா?"
அணையும். சிக்னல் இல்லாத இடத்திலும்.

அலமாரியில் கறுப்புப் பெட்டிகள்.
ஒன்றில் எருது, ஒன்றில் மின்னல், ஒன்றில் பனிக்கரடி.
கரடிக்கு முப்பது யூரோ அதிகம்.
"படத்தைப் பார்க்காதீர்கள்,
குளிரில் முதல் உதைக்கு எவ்வளவு தரும் என்று பாருங்கள்"
என்றவர், பெட்டியைத் தொடாமல்
டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பேட்டரி இருநூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
அது உட்கார்ந்திருக்கும் தட்டு இருநூற்று எழுபத்தெட்டு.
நடுவே இரண்டு விரல் இடைவெளி.
இடைவெளியில்,
கச்சிதமாய்ச் செருகிய கஷ்கொட்டை மரத்துண்டு.
இழைத்து, உப்புத்தாள் போட்டு,
கையைக் கிழிக்காதபடி முனை நாலையும் மழுக்கி.
அவ்வளவு அக்கறை.

"இங்கே எழுபது இருந்திருக்கணும்.
பெட்ரோல் வண்டிப் பேட்டரியை வைத்து, ஆடாமலிருக்க
யாரோ ஆப்பு வைத்திருக்கிறார்கள்."
யாரோ.
அதே மழுக்கல் என் சமையலறை அலமாரியிலும் உண்டு.
அதற்கும் நான் காசு கொடுத்தேன்.

எருது வேண்டாம், கரடி வேண்டாம்.
படமே இல்லாத எழுபது ஒன்று;
நேர்முனை வலப்பக்கம், செய்து இரண்டு மாதம்.
தொண்ணூற்றாறு யூரோ,
பழசைக் கொடுத்ததற்குப் பத்தைக் கழித்தார்.
அதைத் தூக்கிக் கொடுக்கும்போது கனத்தது.
நாலு வருஷம்
வயதுக்கு மீறிய சுமை தூக்கிய பிள்ளை.
அதன்மேல் எனக்கென்ன கோபம்.
"மரத்துண்டைக் குப்பையில் போடவா?"
கொடுங்கள், என்றேன்.

மறுநாள் நாலு மணி, மைனஸ் எட்டு.
மஞ்சள் விளக்கு அணைந்தது.
அரைச் சுற்றுகூட ஆகவில்லை,
எஞ்சின் எழுந்துவிட்டது.
எதிர்வீட்டு நாய் ஏமாந்துபோனது,
வழக்கமாய் அதற்கு ஐந்து நிமிடம் குரைக்கக் கிடைக்கும்.

பதினேழாவது வாசல் அண்ணனுடையது.
கைப்பிடியில் தொங்குகிறது
அண்ணி தைத்த கட்டம்போட்ட துணிப்பை.
எப்போதும்போல இரண்டு ரொட்டி.
அடியில் மரத்துண்டு.
சீட்டு எதுவும் எழுதவில்லை.

வண்டியை அணைக்காமலே போயிருக்கலாம்.
அணைத்தேன்.
அவன் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே
ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு
மறுபடி
சாவியைத் திருப்பினேன்.