அவுட்பாக்ஸில் ஒன்று

வெள்ளி சாயங்காலத்திலிருந்து
அவுட்லுக் திறக்கவில்லை.
நீலச் சதுரம் எட்டிப் பார்க்கும்,
அப்படியே உள்ளே போய்விடும்
வட்டிக்குக் கொடுத்தவரைக் கண்ட ஆள் மாதிரி.

கப்பலூர் சிட்கோவில் எங்கள் ரப்பர் கம்பெனி.
டெண்டர் அதற்குள் கிடக்கிறது என்று
முதலாளி மூன்று முறை
கேபினைவிட்டு வெளியே வந்துவிட்டார்.

உசிலம்பட்டியிலிருந்து ஒச்சப்பன் வந்தான்,
ஹெல்மெட்டைப் பிரிண்டர்மேல் வைத்தான்.
"கடைசியா என்னக்கா செஞ்சீங்க?"
ஒண்ணும் செய்யல, என்றேன்.
எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் போல;
அவன் நிமிரவேயில்லை.

டாஸ்க் மேனேஜரில் பார்த்தால்
திறக்காத அவுட்லுக்
ஏழு தடவை ஓடிக்கொண்டிருந்தது,
ஆள் கண்ணில் படாமல்.
ஒவ்வொன்றாய் முடித்தான்.
சேஃப் மோடு. இல்லை.
ஆட்-இன் எல்லாம் கழற்றினான். இல்லை.
பதினெட்டு ஜிபி ஃபைலைப்
பழுதுபார்க்கப் போட்டுவிட்டு வடை தின்றான்.
எட்டாவது கட்டத்தில் பச்சைக் கோடு
ஒரு மணி நேரம் நின்றது.

திறக்கும்முன் நெட் ஒயரைப் பிடுங்கினான்.
"உள்ள எதாச்சும் சிக்கியிருந்தா
தன்னால கிளம்பிரும்க்கா."

திறந்தது.
அவுட்பாக்ஸில் ஒன்று.
பெறுநர்: முதலாளி.
பொருள்: ராஜினாமா.
வெள்ளி, ஆறு பதினேழு.

ஒச்சப்பன் திரையைப் பார்க்கவில்லை,
வடை சுற்றிய தாளைப் படித்தான்.
முழுக்கப் படித்தான்.

டெண்டரைப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தேன்.
"நல்லவேளை, நீ வந்தே" என்றார் முதலாளி,
அவனிடம்.

ஒயரின் முனை மேஜைமேல் கிடந்தது.
கிளிப் உடைந்து நாளாச்சு;
அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும்.

அழுத்திப் பிடித்தேன்.